மகளின் லட்ஸ் தாவலில் விளிம்புப் பிழை: குறை அவளுடையதா, கற்ற முறையுடையதா?

செங்காங் தாய் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் மகள், ஆறு வயதிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங்கும் பரதநாட்டியமும் சேர்த்தே கற்றுவருகிறாள். சிங்கப்பூரின் ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் இருந்த ஒலிம்பிக் அளவுச் சறுக்குத் தளத்தில்தான் அவள் முதன்முதலில் விழுந்து எழுந்தாள். 2023 ஆகஸ்ட்டில் அந்தக் கட்டடம் மூடப்பட்ட பிறகு காலாங்கில் உள்ள சிறிய தளத்துக்கு மாறினோம். சனிக்கிழமை விடியலில் செங்காங்கிலிருந்து ரயில் ஏறி, வியர்க்க வியர்க்கக் கம்பளிச் சட்டையைக் கையில் சுமந்துகொண்டு போகும் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

சென்ற மாதம் அவள் ஒரு சிறிய போட்டியில் கலந்துகொண்டாள். மதிப்பெண் தாளில் அவளுடைய இரட்டை லட்ஸ் தாவலுக்கு எதிரே விளிம்புப் பிழையைக் காட்டும் ‘இ’ குறி இருந்தது. இசையோடு இசைந்து ஆடியதற்கும் கை அசைவுகளுக்கும் நல்ல மதிப்பெண் கிடைத்திருந்தது. இப்போதைய பயிற்றுவிப்பாளர், அவளுடைய உடல்வாகே அப்படி என்கிறார். நாங்கள் கருத்துக் கேட்ட இன்னொருவர், தொடக்கத்திலேயே தவறாகக் கற்பிக்கப்பட்டிருக்கிறது, சில மாதங்களுக்குத் தாவலை நிறுத்திவிட்டு அடியிலிருந்து தொடங்கவேண்டும் என்கிறார். மூன்றாமவர், நல்ல நடன அமைப்பாளர் ஒருவரிடம் புதிய நிகழ்ச்சி அமைத்துக்கொண்டால் அவளுடைய நாட்டியப் பயிற்சி வெளிப்பட்டு லட்ஸ் குறை யார் கண்ணிலும் படாமல் போய்விடும் என்கிறார். மூன்றுக்கும் செலவு உண்டு. இது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டு என்பதால் நேரமும் குறைவு.

என் கேள்வி லட்ஸைப் பற்றியது மட்டும் அன்று. உலகப் போட்டிகளைப் பார்க்கும்போது, இன்ன பயிற்றுவிப்பாளரின் மாணவர்கள் எல்லாருக்கும் இதே பலம், இதே பலவீனம் என்று பலர் எழுதுகிறார்கள். ஒருவரின் திறமையில் அவருக்குச் சொந்தமானது எவ்வளவு, பயிற்சியாலும் நடன அமைப்பாலும் வந்தது எவ்வளவு? அறிந்தவர்கள் விளக்கினால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

காலாங்கரை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் எட்டு ஆண்டுகள் போட்டிக்காகச் சறுக்கியவன், இப்போது சிறு பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்பில் உதவியாக இருக்கிறேன். உங்கள் மகளின் தாவலை நான் பார்த்ததில்லை. ஆனால் லட்ஸ் குறையைப் பொறுத்தவரை, உடல்வாகு என்று சொல்லி விட்டுவிடுவதை என் மனம் ஏற்கவில்லை.

லட்ஸும் ஃபிளிப்பும் பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இரண்டிலும் பின்னோக்கிச் சறுக்கிவந்து, மற்றக் காலின் கத்தி முனையிலுள்ள பல்லை, அதாவது முனைப்பல்லைப் பனியில் ஊன்றி எழும்புகிறோம். சறுக்குக் காலணியின் கத்திக்கு உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு உண்டு. ஃபிளிப்பில் எழும்பும் கணத்தில் உடல் உள்விளிம்பில் சாய்ந்திருக்கும். லட்ஸில் வெளிவிளிம்பில் சாய்ந்திருக்கவேண்டும். அந்த வெளிவிளிம்பு நம்மை ஒரு பக்கமாக வளைத்துக்கொண்டு போக, நாம் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுழலவேண்டும் என்பதால்தான் அது கடினம், அதனால்தான் மதிப்பும் கூடுதல்: மும்முறைச் சுழலும் லட்ஸுக்கு 5.90, ஃபிளிப்புக்கு 5.30. கடைசி நொடியில் கால் பயந்து உள்விளிம்புக்குச் சரிந்துவிட்டால், லட்ஸ் என்று அறிவித்துவிட்டு ஃபிளிப்பைச் செய்ததாக ஆகிவிடும். உங்கள் தாளில் இருந்த குறியின் பொருள் அதுதான்.

இந்தச் சரிவு பெரும்பாலும் ஒற்றைச் சுழற்சி கற்கும் வயதிலேயே குடியேறிவிடுகிறது. எப்படியாவது தரையிறங்கினால் போதும் என்று அவசரப்படும் வகுப்பில் விளிம்பை யாரும் கவனிப்பதில்லை. எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. லட்ஸுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும், தளத்தின் குறுக்கே வளைந்துவந்து மூலையில் எழும்பவேண்டும். சிறிய தளத்தில், நெரிசலில், முன்னால் ஒரு குழந்தை விழுந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வரும் பிள்ளை அந்த ஓட்டத்தைச் சுருக்கிக்கொள்கிறது. அந்தச் சுருக்கம் பழக்கமாகிவிடுகிறது.

ஒரு வீராங்கனையின் பலமும் பலவீனமும் ஒரே கையிலிருந்து வருவதுண்டு என்பதற்கு ஜப்பானின் காவோரி சாகாமோத்தோவைச் சொல்வேன். சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே கோபேயில் சோனோக்கோ நாகானோவிடம் வளர்ந்தவர். வேகம், வேகத்தைக் குறைக்காமல் தாவலுக்குள் நுழைவது, தரையிறங்கியபின் நீண்டு ஓடும் கோடு ஆகியவை அந்தப் பள்ளியின் முத்திரை. முன்னோக்கி எழும்பும் அவருடைய இரட்டை ஆக்சலைப் பாருங்கள், ஒரு சிற்றறையின் நீளத்தைக் கடந்து இறங்குவதுபோல் இருக்கும். மும்முறை ஆக்சலோ நான்முறைச் சுழற்சியோ இல்லாமலே 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகப் பட்டம் வென்றார். ஆனால் லட்ஸில் அவருக்கும் இந்த விளிம்புக் குறி பலமுறை விழுந்திருக்கிறது. இவ்வளவு பெரிய வீராங்கனைக்கும் சிறுவயதில் ஊறிய ஒன்று போகவில்லை.

திருத்த முடியுமா என்றால், முடியும். அதன் விலையைத் தெரிந்துகொண்டு இறங்கவேண்டும். ஜப்பானின் மாவ் ஆசாதா 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் மூன்று மும்முறை ஆக்சல்களைத் தரையிறக்கி வெள்ளி வென்றவர். அதே ஆண்டு நோபுவோ சாத்தோவிடம் சேர்ந்து தம் தாவல்களை அடிப்படையிலிருந்து மாற்றத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய இருபது. அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் ஆறாமிடம்தான் கிடைத்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில், போட்டியின் முதல் பகுதியான குறுநிகழ்ச்சியில் 16ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டவர், மறுநாள் நெடுநிகழ்ச்சியில் 142.71 பெற்று ஆறாமிடத்துக்கு ஏறினார். அடுத்த மாதம் சைத்தாமாவில் உலகப் பட்டம். நான்கு ஆண்டு உழைப்பு அது. உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகிறது என்பதையும், இன்னும் இரட்டைச் சுழற்சியில்தான் இருக்கிறாள் என்பதையும் நினைத்துப்பாருங்கள். மாற்றுவதற்கு இதைவிட மலிவான காலம் வாய்க்காது.

ஒன்று செய்துபாருங்கள். தளத்தைத் துடைக்கும் வண்டி போய்வந்தவுடன், பனி கண்ணாடிபோல் இருக்கும்போது, அவளை முதல் ஆளாக ஒரு லட்ஸ் செய்யச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்துக்குப் போய் முனைப்பல் குத்திய குழியைத் தேடி, அதற்கு முந்தைய ஒரு முழம் கோட்டைப் பாருங்கள். அது கடைசியில் மறுபக்கம் திரும்பியிருந்தால் விளிம்பு மாறிவிட்டது என்று பொருள். யாருடைய கருத்தும் தேவைப்படாது.

அரைமண்டி எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். நான் இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கு பரதநாட்டியம் கற்பிக்கிறேன். ஃபிகர் ஸ்கேட்டிங் செய்ததில்லை. ஆனால் 2010இலிருந்து ஒரு பெரிய போட்டியையும் விடாமல் பார்த்துவருகிறேன். நடன அமைப்பாளரை வைத்துக் குறையை மறைத்துவிடலாம் என்று உங்களிடம் சொல்லப்பட்டதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நம் மரபோடு ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும். நமக்கு அடவு சொல்லிக்கொடுப்பவரும், வர்ணத்துக்கு ஜதி கோத்து அமைப்பவரும், மேடையில் தாளம் பிடித்து நட்டுவாங்கம் செய்பவரும் பெரும்பாலும் ஒருவரே. மாணவியின் எந்தக் கால் எப்போது தளரும் என்பது அவருக்குத் தெரியும். ஃபிகர் ஸ்கேட்டிங்கில் அந்த வேலை இரண்டாகப் பிரிந்துவிட்டது. தாவலும் சுழலும் அன்றாடம் பயிற்றுவிப்பாளரிடம், நிகழ்ச்சியின் அமைப்பு ஆண்டுக்குச் சில நாள் மட்டும் வந்துபோகும் நடன அமைப்பாளரிடம். அமைத்தவர் ஊர் திரும்பியபின், தாவலுக்கு மூச்சு போதவில்லை என்று இடைநடைகள் ஒவ்வொன்றாகக் களையப்படும். பருவத்தின் தொடக்கத்தில் அடர்த்தியாக இருந்த நிகழ்ச்சி, முடிவில் தாவலுக்குத் தாவல் ஓடுகிற ஓட்டமாக மெலிந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இருவரும் ஒருவரையொருவர் கேட்டு வேலை செய்யும் இடத்தில்தான் பலம் பிறக்கிறது.

தென்கொரியாவின் கிம் யூனாவுக்கு அப்படி அமைந்தது. டொரோண்டோவில் பிரையன் ஆர்சர் பயிற்றுவித்தார், டேவிட் வில்சன் அமைத்தார். கூச்சமும் இறுக்கமும் நிறைந்த பதின்ம வயதுப் பெண்ணாகத்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவரைச் சிரிக்கவைப்பதே முதல் வேலையாக இருந்தது என்பதை அவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் ஒரு குறை இருந்தது: மும்முறை லூப் தாவல் கைகூடவில்லை. வான்கூவரில் அவருடைய நெடுநிகழ்ச்சியில் மும்முறை லூப்பே இல்லை, அதற்கு ஈடாக இரட்டை ஆக்சல்கள் இருந்தன. ஆயினும் கெர்ஷ்வினின் இசைக்கு அமைக்கப்பட்ட அந்த நான்கு நிமிடங்களில் ஏதோ குறைகிறது என்று யாருக்கும் தோன்றாது. ஏனென்றால் லட்ஸும் டோ லூப் என்ற வேறு தாவலும் சேர்ந்த முதல் தாவல் தொடர் இசையின் எழுச்சியிலேயே பிறந்து, அதன் வேகம் தணியாமல் அடுத்த அசைவுக்குள் வழிந்தோடும். மொத்தம் 228.56 புள்ளிகள், இரண்டாமிடத்தைவிட 23 புள்ளிகள் அதிகம். இதைப் பார்த்து, பலவீனத்தை நடன அமைப்பு மறைக்கும் என்று ஒருவர் நினைக்கலாம். அந்த அமைப்பு மறைத்தது ஒரே ஒரு தாவலை. மற்றவை அனைத்தும் பழுதில்லாமல் இருந்ததால்தான் அந்த ஒன்றை விட்டுவிட முடிந்தது.

என் அனுபவம் ஒன்றையும் இங்கே வைக்கிறேன். ஒரு மாணவிக்கு இடப்பக்கம் அரைமண்டி, அதாவது முட்டி மடித்துப் பாதி அமரும் நிலை, முழுமையாக இறங்காது. முகபாவமோ கண்ணை எடுக்கவிடாது. நான் அவளுக்கு அமைத்த உருப்படிகளிலெல்லாம், எனக்கே தெரியாமல், கடினமான தீர்மானங்களை (ஜதியை முடிக்கும் அடவுக் கோவைகளை) வலப்பக்கம் முடியும்படி கோத்துவிட்டேன். சபை ரசித்தது, எனக்கும் மனநிறைவாக இருந்தது. அரங்கேற்றத்துக்கு முந்தைய ஆண்டு, ஒரு மூத்த கலைஞர் அமைத்த வர்ணத்தைக் கற்கப் போனபோது, மூன்றாம் ஜதியில் இடக்கால் மீது அமரவேண்டிய இடத்தில் அவள் நிமிர்ந்துவிட்டாள். முட்டி வலி என்றாள். வலி உண்மைதான், ஆனால் ஐந்து ஆண்டுகள் அந்தப் பக்கத்துக்கு வேலையே கொடுக்காமல் வைத்திருந்தவள் நான். குறையை மறைத்த அமைப்பே அந்தக் குறையைப் பேணி வளர்த்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் மகளுக்குப் பரதம் கொடுத்திருக்கும் சொத்து கையசைவு மட்டும் அன்று. அரைமண்டியில் முட்டியை மடித்து எடையைத் தாங்கும் பழக்கம் பனியில் பெரிய வரம், ஏனென்றால் சறுக்கலின் ஆழம் முட்டி மடிப்பிலிருந்துதான் வருகிறது. கனடாவின் பேட்ரிக் சானிடம் அதைக் காணலாம், கால் தள்ளுவதே தெரியாமல் வேகம் கூடும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நாம் இரண்டு முட்டிகளையும் பக்கவாட்டில் விரித்து, எடையை நடுவில் வைத்து ஆடுகிறோம். பனியில் எடை ஒற்றைக் காலின் ஒரு விளிம்பில் நிற்கவேண்டும். நாட்டியம் பழகிய பிள்ளை நடுவுக்குத் திரும்பத் துடிக்கும். உங்கள் மகளின் லட்ஸ் உள்ளே சரிவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமோ என்று எனக்கு ஓர் ஐயம். காலாங்கரை இதைப் பற்றி ஏதாவது சொல்லவேண்டும்.

புள்ளிக்கணக்கு எழுதியது:

முந்தைய இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் பயிற்றுவிப்பாளரையும் நடன அமைப்பாளரையும் சேர்த்து வழிநடத்தும் மூன்றாவது ஒன்றை இருவரும் தொடவில்லை. அது மதிப்பெண் விதி. எந்தப் பலத்தை வளர்ப்பது, எந்தப் பலவீனத்தைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் பெருமளவு அதுதான் தீர்மானிக்கிறது.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கை எடுத்துக்கொள்வோம். ரஷ்யாவின் எதேரி துத்பெரிட்ஸே என்ற ஒரே பயிற்றுவிப்பாளரின் மாணவிகள் இருவர் முதல் இரண்டு இடங்களுக்குப் போட்டியிட்டனர். நெடுநிகழ்ச்சியில் அலினா ஜாகிதோவாவும் எவ்கேனியா மெட்வெடேவாவும் ஒரே மதிப்பெண்ணைப் பெற்றனர்: 156.65. குறுநிகழ்ச்சியில் இருந்த வேறுபாட்டால் ஜாகிதோவாவுக்குத் தங்கம் கிடைத்தது. அப்போதைய விதிப்படி நிகழ்ச்சியின் பிற்பாதியில் வரும் ஒவ்வொரு தாவலுக்கும் பத்து விழுக்காடு கூடுதல். ஜாகிதோவா இரண்டு நிகழ்ச்சிகளிலும் எல்லாத் தாவல்களையும் பிற்பாதியிலேயே வைத்திருந்தார். களைத்த காலோடு தாவும் வலிமையை அந்தப் பயிற்சி அவருக்குக் கொடுத்தது, அது உண்மையான பலம். ஆனால் முதல் இரண்டு நிமிடங்கள் நடையும் சுழலும் மட்டுமாக ஓடி, பிறகு தாவல்கள் அடுக்கடுக்காகக் கொட்டின. அரைமண்டி அம்மாவின் மொழியில் சொன்னால், எல்லா ஜதிகளையும் சரணத்துக்குப் பின்னால் குவித்துவைத்த வர்ணம். அந்த ஆண்டே விதி மாறியது: நெடுநிகழ்ச்சியில் கடைசி மூன்று தாவல்களுக்கும், குறுநிகழ்ச்சியில் கடைசி ஒன்றுக்கும் மட்டுமே கூடுதல் என்றாயிற்று. விதி மாறியவுடன் நடன அமைப்பும் மாறியது.

மெட்வெடேவாவின் கதை காலாங்கரை சொன்னதற்குச் சான்று. அவருக்கும் லட்ஸில் இதே விளிம்புச் சிக்கல், ஃபிளிப்தான் நம்பிக்கை. 18 வயதில் டொரோண்டோவுக்கு ஆர்சரிடம் போனார். 2019 உலகப் போட்டியில் வெண்கலம் பெற்றார், ஆனால் பழைய நிலைத்தன்மை முழுதாகத் திரும்பவில்லை.

2022-23 பருவத்திலிருந்து கலைத்தரப்புக்கு மூன்று கூறுகள்தான்: நிகழ்ச்சியின் அமைப்பு, அதை வெளிப்படுத்தும் விதம், சறுக்கும் திறன். ஒவ்வொன்றுக்கும் பத்து, மகளிர் நெடுநிகழ்ச்சியில் அதை 2.67ஆல் பெருக்குவார்கள், ஆக உச்சம் ஏறக்குறைய 80. நல்ல நடன அமைப்பால் இதில் சில புள்ளிகள் ஏறும் என்பது மெய்தான். அமெரிக்காவின் ஜேசன் பிரவுன் நான்முறைத் தாவல் ஒன்றுகூட இல்லாமல் 2022 பெய்ஜிங்கில் ஆறாமிடம் பெற்றது அப்படித்தான். ஆனால் மூன்றாவது கூறான சறுக்கும் திறனை எந்த நடன அமைப்பாளரும் ஒரு வாரத்தில் கொடுத்துவிட முடியாது. விளிம்பில் நிற்கத் தெரிவதுதான் அது. லட்ஸைத் திருத்தச் செலவழிக்கும் காலம் அங்கேயும் வந்து சேரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பயிற்சி என்று பேசும்போது பிள்ளையை எப்படி நடத்துகிறார்கள் என்பதும் அதில் அடங்கும். 2017 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் சிங்கப்பூருக்குத் தங்கம் வென்ற யூ ஷுரான், சீனாவில் சிறுமியாகப் பயின்ற காலத்தில் தாம் அடிக்கப்பட்டதை 2020இல் வெளிப்படையாக எழுதினார். 2022இல் பூக்கெட்டில் கூடிய உலக ஸ்கேட்டிங் சம்மேளனம், மூத்தோர் (சீனியர்) போட்டிக்கான குறைந்த வயதை 15இலிருந்து படிப்படியாக 17ஆக உயர்த்த முடிவெடுத்தது. வளராத உடலின் சுழல்வேகத்தை மட்டும் நம்பி அமைக்கப்படும் பயிற்சிக்கு அது ஒரு தடை. உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. எந்தப் பயிற்றுவிப்பாளரைத் தேர்ந்தெடுத்தாலும், வகுப்பு முடிந்து வெளியே வரும்போது அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

செங்காங் தாய் எழுதியது:

மூவருக்கும் நன்றி. காலாங்கரைத் தம்பி சொன்னபடி இன்று காலை செய்துபார்த்தோம். வண்டி வெளியேறியவுடன் அவள் தனியாகப் போய் லட்ஸ் செய்தாள். பிறகு இருவரும் குனிந்து பார்த்தோம். நானோ தடுப்புக்கு இப்பால் நின்று எட்டிப்பார்த்தேன், அவள்தான் கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே வந்தாள். நீளமாக ஒரு பக்கம் வளைந்துவந்த கோடு, குழிக்கு ஏறக்குறைய ஒரு சாண் முன்னால் நேராகி, பிறகு மெல்ல மறுபக்கம் கொக்கிபோல் திரும்பியிருந்தது. “அம்மா, நான் வெளியே இருக்கிறேன் என்றுதான் நினைத்தேன்” என்றாள். ஆறு ஆண்டுகளில் அவள் காலடிக் கோட்டை அவளுக்கு யாரும் காட்டியதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகு ஒற்றைச் சுழற்சி லட்ஸை நான்கு முறை செய்தாள். நான்கிலும் அதே கொக்கி. ஐந்தாம் முறை மிக மெதுவாக வந்து, குத்தும்போது தோளைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டாள். தாவல் உயரவே இல்லை, விழுந்தும்விட்டாள். ஆனால் கோடு கடைசிவரை ஒரே பக்கமாக வளைந்திருந்தது. எழுந்து பனியைத் தட்டிக்கொண்டே என்னை அழைத்துக் காட்டினாள்.

புதிய நிகழ்ச்சி அமைக்கும் எண்ணத்தை இந்த ஆண்டுக்கு விட்டுவிட்டேன். இப்போதைய நிகழ்ச்சியிலிருந்து லட்ஸை எடுத்துவிட்டு ஃபிளிப்பையே வைத்து ஆடட்டும். இரண்டாமவரிடம் வாரம் ஒரு வகுப்பு, பிஎஸ்எல்இ முடிந்ததும் இரண்டு. இதுவரை கற்பித்தவரிடம் இதை நேரில் சொல்லி, அந்தக் கோட்டின் படத்தையும் காட்டப்போகிறேன். அரைமண்டி அம்மாவின் ஐயத்துக்கு விடை கிடைத்தால் அவளுடைய நடன ஆசிரியையிடமும் பேசுவேன்.

காலாங்கரை எழுதியது:

அந்த ஐந்தாவது கோட்டைப் பற்றிப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது அக்கா. ஐயத்துக்கு என் விடை: நாட்டியம் பழகிய இரண்டு பிள்ளைகளிடம் நடுவுக்குத் திரும்பும் பழக்கத்தை நானும் கண்டிருக்கிறேன், ஆனால் நாட்டியமே தெரியாத பிள்ளைகளுக்கும் லட்ஸ் சரிகிறது. ஆகவே பரதத்தைக் குறைக்கவேண்டாம். தினமும் வீட்டில், காலணி இல்லாமல், லட்ஸுக்குச் சறுக்கிவரும் காலின் வெளிப்பாதத்தில் எடையை வைத்து ஒற்றைக்காலில் முட்டி மடித்து இருபது எண்ணும்வரை நிற்கச் சொல்லுங்கள். பனியில் முதல் மூன்று வாரம் தாவலே வேண்டாம், பின்னோக்கிய வெளிவிளிம்பில் நீண்ட அரைவட்டம் மட்டும் போட்டு, முடிவில் முனைப்பல்லைக் குத்தி நிற்கட்டும். அதற்கு இடம் வேண்டும் என்பதால், கூட்டம் சேருமுன் தளம் திறந்த முதல் அரைமணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். அடுத்த சனிக்கிழமை நானும் அங்கே இருப்பேன்.